பீலிக்கரைச் சவர்க்காரம்

கெத்தரின் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். பார்க்கிறவர்களுக்கு யாரோ பெரிய அதிகாரி கடையைச் சோதிக்க வந்தது போலிருக்கும். வேண்டியதை வாயால் கேட்பாள். கடைக்காரர் எடுத்து நீட்டினால்தான் கை முன்னால் வரும். நாமே எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்கிற பெரிய கடைகளின் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டாள். சீகிரியா ஹோட்டலில் அவளோடு அறை துப்புரவு செய்கிற பெண்களுக்கு இது ஓயாத வேடிக்கை.

"என்ன கெத்தரின், கைய ரூம்லயே மறந்து வச்சிட்டு வந்துட்டியா?" என்பார்கள்.

அவளும் சேர்ந்து சிரித்துவைப்பாள். இருபத்தேழு வயதுப் பெண் தன் கைக்குத் தானே காவல் போட்டிருக்கிறாள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பதினைந்து வயதில் அந்தக் கை வேறு மாதிரி இருந்தது. இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், அதில் கீழ்லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒற்றை அறைக் காம்பரா ஒன்று, அதில் அவளும் அம்மா சவரியம்மாவும். அப்பா அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்ச்சேர்ந்துவிட்டார். சவரியம்மா கொழுந்து பறித்து மகளை மாத்தளை டவுன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும், தோட்டத்துப் பக்கம் போகிற பஸ் மூன்று மணிக்கு. நடுவில் கிடந்த அந்த ஒன்றரை மணி நேரம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். ஆனால் அதே பஸ்ஸுக்கு அதே நேரம் இன்னும் பத்துப் பிள்ளைகள் காத்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் கடலை கொறித்தார்கள், ஊர்வம்பு பேசினார்கள், பஸ் வந்ததும் ஏறிப்போனார்கள்.

கெத்தரின் மட்டும் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ஜுனைதீன் ஹாஜியாரின் ஃபென்ஸிக் கடைக்குள் போனாள். முதலில் வேடிக்கை பார்க்கத்தான் போனாள். வண்ணத்துப்பூச்சி வைத்த ஒரு கிளிப், அவளுடைய பெருவிரல் அளவுதான் இருக்கும், கைக்குட்டைக்குள் எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. வெளியே வந்து நாலு எட்டு வைத்தாள். யாரும் கூப்பிடவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அந்தப் படபடப்பு இனித்தது. வீடு வந்து சேர்வதற்குள் இனிப்பெல்லாம் வடிந்துவிட்டது. கிளிப்பைத் தலையில் குத்த முடியாது, ஏதுடீ இது என்று அம்மா கேட்பாள். பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். இனிமேல் இல்லை என்று மாதாவின் படத்தைப் பார்த்துச் சொன்னாள். ஒரு வாரம் தாங்கியது. பிறகு கை அரித்தது.

குத்த முடியாத கிளிப், பூச முடியாத நகப்பூச்சு, போட முடியாத வளையல். ஒன்பது மாதத்தில் டின்னுக்குள் முப்பத்தொரு சாமான் சேர்ந்துவிட்டது. அதில் ஒன்றுகூட அவளுக்கு வேண்டியதில்லை. இதைத்தான் பின்னாளில் அவளால் யாருக்கும் விளக்க முடியாமல் போனது. பசிக்குத் திருடினால் ஊர் பாவம் பார்க்கும். இதற்கு என்ன பெயர் சொல்வது?

அந்தக் கடையில் சாமான் காட்டுகிற பிள்ளையாக நின்றவள் சிவரூபினி. இதே தோட்டம், மேல்லயம், பத்தொன்பது வயது. டவுன் கடையில் வேலைக்கு நின்ற முதல் பிள்ளை அந்தத் தோட்டத்தில் அவள்தான். அவளுடைய அப்பா சோமசுந்தரம் அதைச் சொல்லாத ஆளில்லை. கோயில் கணக்கப்பிள்ளையிலிருந்து பால் ஊற்ற வருகிறவர் வரை எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. கெத்தரினைக் கண்டால் சிவரூபினி முதலில் சிரிப்பாள். பிறகு சிரிப்பு நின்றது. ஒருநாள் கிட்டே வந்து, "பஸ்ஸு போயிரும் புள்ள, போ. சும்மா சும்மா இங்க வராத," என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். கெத்தரினுக்குச் சுருக்கென்றது. ஒரு வேலை கிடைத்துவிட்டால் என்ன பவுசு இவளுக்கு என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு வேண்டுமென்றே இரண்டு சாமான் எடுத்தாள்.

மாசி மாதம், மாரியம்மன் தேருக்கு முன்னால், ஹாஜியார் கடைச் சாமான்களைச் சரிபார்த்தார். சிவரூபினியின் பக்கத்தில்தான் குறைந்தது, வேறெங்கும் குறையவில்லை. அவர் கத்தவில்லை, பொலீசுக்கும் போகவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். நல்ல மனிதர்தான். அவருக்குத் தெரிந்த வரையில் அது இரக்கம்.

அன்று சாயங்காலம் கெத்தரின் பீலிக்கரையில் வாளியோடு நின்றாள். மலைத்தண்ணீர் வந்து விழுகிற அந்தப் பீலி இரண்டு லயத்துக்கும் நடுவில் இருக்கிறது. தோட்டத்தில் எது நடந்தாலும் அங்கே நிற்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும். சோமசுந்தரம் மகளை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் வந்தார். எல்லோரும் பார்க்கும்படியான இடம் வந்ததும் நின்றார்.

"கடையில நிக்கிறான்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே, என் மொகத்துல கரியப் பூசிட்டியேடீ!"

அடித்தார். சிவரூபினி கையை உயர்த்தித் தடுக்கக்கூட இல்லை. "நான் எடுக்கலப்பா," என்று இரண்டு தடவை சொன்னாள், பிறகு அதையும் விட்டுவிட்டாள். கெத்தரினின் வாளி நிரம்பி அவள் பாதத்தில் வழிந்தது. ஒரு வார்த்தை போதும். வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு அவள் எதையும் எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு யோசனை வந்தது, பதினைந்து வயதுக்கே உரிய யோசனை. எடுத்ததையெல்லாம் பழைய இடத்திலேயே வைத்துவிட்டால், ஹாஜியார் மறுபடி பார்ப்பார், எல்லாம் சரியாக இருக்கும், அக்காவைத் திரும்பக் கூப்பிட்டுவிடுவார். ஒரு நாளைக்கு இரண்டாக, எடுத்த மாதிரியே கைக்குட்டையில் சுருட்டிக் கொண்டுபோய் வைத்தாள். எடுத்தபோது இல்லாத பயம் வைக்கும்போது வந்தது. எட்டு நாளில் பதினாறு போய்ச் சேர்ந்தது.

ஒன்பதாம் நாள் ஒரு நகப்பூச்சுப் போத்தல். கைக்குட்டையிலிருந்து பாதி வெளியே வந்திருந்தபோது ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. சிவரூபினியின் இடத்துக்குப் புதிதாக வந்திருந்த றிஸ்லாவின் கை.

"ஹாஜியார்! இந்தப் புள்ள ஒளிக்கிறா!"

கையும் களவுமாகப் பிடிபட்டது அவள் களவெடுக்காத நாளில். மேசைக்கு முன்னால் நிறுத்தினார்கள். ஹாஜியார் அவளுடைய வெள்ளை உடுப்பையும் பள்ளிக்கூட டையையும் பார்த்தார்.

"உண்மையச் சொல்லு மகள். இதுக்கு முந்தி எடுத்திருக்கியா?"

உண்மையைச் சொல்ல வாசல் திறந்துதான் இருந்தது. எடுத்ததைத் திருப்பி வைக்க வந்தேன் என்று சொன்னால், முந்தி எடுத்தது யார் என்று வரும். வரட்டுமே, அதற்குத்தானே வந்தாள்? ஆனால் பொலீஸ், பள்ளிக்கூடம், அம்மா என்று மூன்றும் ஒன்றாக வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தன.

"இல்ல முதலாளி. இதுதான் மொத தடவ."

அன்று செய்யாத களவை ஒப்புக்கொண்டாள். செய்த களவை இன்னொருத்தியின் தலையில் விட்டுவிட்டு வந்தாள். ஹாஜியார் அவளை நம்பினார். படிக்கிற பிள்ளை, இனிச் செய்யாதே, போ என்றார். மூன்று மணி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம்கூடக் கிடைத்தது.

அந்த நாளோடு பழக்கம் விட்டுப்போனது என்று எழுதினால் பொய். பதினெட்டு வயதில், இரத்தோட்டையில் ஒரு கடையில், ஷாம்பூப் பைக்கற் ஒன்று கைக்குள் வந்துவிட்டது. மழையில் பாதி வழி போனவள் திரும்பி ஓடிவந்து அதைக் கடை மேசையில் போட்டுவிட்டு, கடைக்காரர் விழிக்க விழிக்க ஓடினாள். அன்றுதான் கையைப் பின்னால் கட்ட ஆரம்பித்தாள். பை கொண்டுபோவதில்லை, பாக்கெட் வைத்த உடுப்புப் போடுவதில்லை. ஒவ்வொரு தபசு காலத்திலும் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாள். கடையில் எடுத்ததைச் சொல்வாள், சிவரூபினியைச் சொல்லமாட்டாள். பாதிப் பாவத்துக்குக் கிடைத்த மன்னிப்பு எத்தனை நாளைக்குப் போதும்? ஒவ்வொரு வருசமும் அடுத்த வருசம் என்று தள்ளினாள்.

மேல்லயத்தில் சிவரூபினியின் காலம் வேறு மாதிரிக் கழிந்தது. டவுனில் ஒரு கடையும் அவளை எடுக்கவில்லை. கடைக்காரர்களுக்குள் பேச்சு நடக்காமலா இருக்கும்? கண்டிப் பக்கமிருந்து வந்த ஒரு சம்பந்தம் விசாரித்துப் பார்த்துவிட்டு நின்றுபோனது. கடைசியில் அவளும் கொழுந்துக்கே போனாள், சவரியம்மா இருந்த அதே கூட்டத்துக்கு. பீலிக்கரையில் சிவரூபினி வருவது தெரிந்தால் பெண்கள் கல்லின் மேலிருக்கும் சவர்க்காரப் பெட்டிகளை எடுத்துக்கொள்வார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. கை தானாகப் போகும்.

"அவ பக்கத்துல ஒண்ணும் வச்சிட்டு வர முடியாது. கை நீளம்," என்று சவரியம்மா வீட்டில் சொல்லுவாள். கெத்தரின் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். ஓ.எல். பரீட்சை முடித்ததும் வீட்டை விட்டுத் தூரமாக ஒரு வேலை வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றதற்கு இதுதான் காரணம். சவரியம்மாவோ மகளுக்கு உழைக்க எவ்வளவு ஆசை என்று பெருமைப்பட்டாள்.

ஹோட்டல் வேலைக்கு வந்த பிறகு அவள் கண்முன்னால் என்னென்னவோ கிடந்தன. வெள்ளைக்காரர்கள் கட்டிலில் கடிகாரத்தையும் காசையும் போட்டுவிட்டு மலையேறப் போய்விடுவார்கள். கெத்தரின் ஒன்றையும் தொடமாட்டாள். அறையில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் அடுத்த நிமிசமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள். போன மாதம் குளியலறைத் தண்ணீர்க் குழியின் வாயில் ஒரு வைர மோதிரத்தைக் கண்டெடுத்துக் கொடுத்தாள். அந்த அம்மா அழுதுவிட்டாள். ஹோட்டல்காரர்கள் கெத்தரின் கையில் ஒரு சான்றிதழைக் கொடுத்துப் படம் பிடித்து, "எங்கள் நேர்மையான ஊழியர்" என்று ஃபேஸ்புக்கில் போட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்தபோது அவளுக்கு வாந்தி வந்தது. உண்மையாகவே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் சவரியம்மா ஃபோனில் கூப்பிட்டாள். குரலில் தேர்த்திருவிழா.

"பீலியில எல்லாருக்கும் காட்டினேன் மகள். தங்கம்மா அப்புடியே கட்டிப்புடிச்சிட்டா. அந்த சிவரூபினிகூட வந்து பாத்தா."

"என்னம்மா சொன்னா?"

"அவ என்னத்தச் சொல்லுவா? ரொம்ப நேரம் பாத்தா. வாளிய எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அவளுக்கெல்லாம் இதப் பாத்தா ஒறைக்கும்தானே."

அந்த வாரமே கெத்தரின் லீவு கேட்டாள்.

விறகுக்குப் பின்னாலிருந்த பிஸ்கட் டின் அவள் ஹோட்டலுக்கு வந்த நாளிலிருந்து அவளுடைய பெட்டியின் அடியிலேயே இருந்தது. மிச்சம் பதினான்கு சாமான். எறிந்துவிடப் பல தடவை நினைத்தும் எறியவில்லை. மாத்தளையில் இறங்கி முதலில் கடையைத் தேடிப் போனாள். கடை இருந்த இடத்தில் ஃபோன் திருத்துகிறார்கள். ஹாஜியார் மவுத்தாகி நாலு வருசம் என்றார்கள். அங்கே சொல்ல இனி ஆளில்லை. ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம், அவளுக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு அந்த ஆறுதலை நினைத்து வெட்கப்பட்டாள்.

கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வருகிற பாதையில் சிவரூபினியைக் கண்டாள். முப்பத்தொரு வயது, நாற்பது என்றாலும் நம்பலாம். இடுப்பில் படங்குச் சாக்கு, விரலெல்லாம் கொழுந்துக் கறை.

"ரூபினியக்கா," என்று கூப்பிட்டு, டின்னைத் திறந்து காட்டினாள். துருப்பிடித்த கிளிப்புகள், ஒட்டிப்போன நகப்பூச்சு. "நான்தான் அக்கா. எல்லாம் நான்தான் எடுத்தேன்."

சிவரூபினி டின்னுக்குள் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்," என்றாள்.

"தெரியுமா?"

"கடைக் கண்ணாடியில பாத்தேன். மொதல்லயே இல்ல, கொஞ்ச நாளு கழிச்சு. நம்ம தோட்டத்துப் புள்ளயாச்சே, சவரியம்மாக்கா ஒண்டியா நின்னு வளக்குறாங்களேன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். வராதன்னு உங்கிட்ட சொன்னேனே, ஞாபகமிருக்கா?"

கெத்தரினுக்கு ஞாபகம் இருந்தது. பவுசு என்று நினைத்ததும், அன்று வீம்புக்கு எடுத்த இரண்டு சாமானும்.

"ஹாஜியார் ஒங்கள வேலைய விட்டு நிப்பாட்டினப்போ ஏன் அக்கா சொல்லல?"

"பாத்துட்டு சும்மா இருந்தேன்னு எப்புடி சொல்றது? ஒரே தோட்டத்து ஆளுக, ரெண்டு பேரும் சேந்துதான் செஞ்சிருக்காளுகன்னு சொல்லுவாங்க. நீயே சொல்லுவன்னு இருந்தேன். அப்பா அடிக்கிறப்போ நீ பீலியில நின்ன. இப்ப சொல்லுவா, இப்ப சொல்லுவான்னு ஒன்னயேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

கெத்தரின் அழுதாள். சிவரூபினி அழவில்லை, தேற்றவும் இல்லை.

"இப்ப போய் அப்பாகிட்டச் சொல்றேன் அக்கா. கால்ல விழுந்து சொல்றேன்."

"அவரு தை மாசம் போயிட்டாரு. ஒனக்கு யாரும் சொல்லலயா?" சிவரூபினி கூடையை இறக்கி வைத்தாள். "என்னய நம்பாம அல்மாரிச் சாவிய அன்னைக்கி இடுப்புல கட்டினாரு. பன்னெண்டு வருசம். சவப்பெட்டியில வைக்கிறப்பதான் அதை அவுத்தாங்க. மூணு மாசத்துக்கு முந்தி வந்திருந்தீன்னா..."

"நான் இப்ப என்ன செய்யணும் அக்கா?"

"எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போகுது? எனக்குத்தான் தெரியுமே. பேசினவங்க கிட்ட போய் சொல்லு."

பீலிக்கரையில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். வேலை விட்டு வந்து கைகால் கழுவுகிற நேரம். சவரியம்மாவும் இருந்தாள், மகளைக் கண்டதும் முகம் மலர்ந்து, "சொல்லாம கொள்ளாம வந்திருக்கா பாருங்க என் மக!" என்று எல்லோருக்கும் காட்டினாள். அம்மாவைப் பார்த்தால் கெத்தரினால் சொல்ல முடியாது. விழுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எல்லாரும் கேளுங்க. ஹாஜியார் கடையில சாமான் எடுத்தது சிவரூபினியக்கா இல்ல. நான். ஸ்கூல் போன காலத்துல ஒம்பது மாசமா எடுத்தேன். அக்கா ஒண்ணையும் தொடல. இந்தா பாருங்க."

டின்னைக் கல்லின் மேல் வைத்துத் திறந்தாள். பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். வாளியொன்று நிரம்பி வழிந்தது, யாரும் நகர்த்தவில்லை. தங்கம்மாதான் முதலில் வாய் திறந்தாள். "அட கடவுளே, அந்த மனுசன் சாகுற வரைக்கும் சாவிய..." என்று தொடங்கி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சவரியம்மா மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம்கூட இன்னும் வந்து சேராத முகம்.

மேலேயிருந்து சிவரூபினி வாளியோடு இறங்கி வந்தாள். இத்தனை வருசத்தில் முதல் தடவையாக ஒரு கையும் சவர்க்காரத்துக்குப் போகவில்லை. தங்கம்மா தன் வாளியை இழுத்து, "நீ புடி ரூபினி," என்று வழிவிட்டாள். சிவரூபினி வாளியைப் பீலிக்குக் கீழே வைத்தாள்.

கெத்தரின் டின்னை மூடக் குனிந்தாள். அதற்குப் பக்கத்தில் ஒரு ரோஸ் நிறச் சவர்க்காரப் பெட்டி இருந்தது. ஒரு கை வந்து அதை எடுத்துக்கொண்டது. நிமிராமலே அது யாருடைய கை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

எடுத்த பிறகுதான் சவரியம்மாவுக்கே தெரிந்தது. கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். திரும்ப அந்த இடத்தில் வைக்கவும் முடியவில்லை, வைத்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை.

"வீட்டுக்கு வா," என்று சொல்லிவிட்டுச் சவரியம்மா படியேறினாள். பெட்டி அவள் கைக்குள்ளேயே இருந்தது. கெத்தரின் டின்னை எடுத்துக் கக்கத்தில் இடுக்கி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அம்மாவின் பின்னால் நடந்தாள்.